முன்சக்கரத்து மூடி

எங்கள் வீட்டில் ஒன்பது பேர். என் சித்தப்பா வாங்கி வந்த காரிலோ இரண்டே இருக்கைகள்; மேற்கூரையும் கிடையாது. சென்னைக்குப் பட்டுப் புடவை கொண்டுபோன இடத்தில், வயதான ஒருவர் ஓட்ட முடியாமல் நிறுத்தி வைத்திருந்ததை ஆசைப்பட்டு வாங்கிவிட்டார். சித்தப்பாவைவிட வயதில் மூத்த இங்கிலாந்து வண்டி அது. ஆரணித் தெருவில் அது வந்தால் டவுன் பஸ்ஸில் இருப்பவர்கள் எழுந்து நின்று பார்ப்பார்கள்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது அப்பா அதை விற்க முடிவு செய்தார். கார் நின்ற கொட்டகையில் இரண்டு விசைத்தறி போட வேண்டுமாம். அண்ணனை எதிர்த்துப் பேசிச் சித்தப்பாவுக்குப் பழக்கமில்லை. வேலூரிலிருந்து வந்து பார்த்த டாக்டருக்கு வண்டி பிடித்துவிட்டது. முன்சக்கரம் ஒன்று மட்டும் கரகரவென்று சத்தம் போட்டது. அதைச் சரி செய்து வைத்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிப்போவதாகவும், இல்லாவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

பெரிய வேலையில்லை. சக்கரத்தின் நடுவே, பேரிங்கில் தூசி போகாமலிருக்க, சின்னக் கிண்ணம் போல ஒரு தகர மூடி இறுக்கிப் பொருத்தியிருக்கும். அதைக் கழற்றிப் புது கிரீஸ் வைத்தால் போதும். ஆனால் மூடி கழலவில்லை. வியாழக்கிழமை அதன் முன்னால் உட்கார்ந்த சித்தப்பா சனிக்கிழமையும் உட்கார்ந்திருந்தார். மண்ணெண்ணெய் விடுவார், மரச்சுத்தியால் குழந்தையைத் தட்டுவதுபோல இரண்டு தட்டு தட்டுவார், பிறகு டீ குடிக்கப் போய்விடுவார். பொறுமையிழந்த அப்பா சேவூரிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அவர் உளியை எடுத்ததுமே சித்தப்பா குறுக்கே வந்து நின்றார்.

"மூடி நசுங்கிப்போச்சின்னா வேற மூடிக்கு இங்கிலாந்துக்குத்தான் போவணும். நானே பாத்துக்கறேன்."

"பாத்துகினே இரு. நாளைக்கு அந்த டாக்டரு உம் மூஞ்சியப் பாத்துட்டுப் போவட்டும்," என்றார் அப்பா.

எனக்கோ உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை. இத்தனை இறுக்கமாக மூடியிருக்கிறார்கள் என்றால் ஏதோ பெரிய சமாச்சாரம்தான். மூடியின் நடுவில் என் சுண்டுவிரல் நுழைகிற மாதிரி ஓர் ஓட்டை இருந்தது. கண்ணை வைத்துப் பார்த்தேன், ஒரே இருட்டு. விரலை விட்டுத் துழாவினேன், சுற்றிலும் போல்ட் திருகுகிற மரை தட்டுப்பட்டது.

"சித்தப்பா, இந்த ஓட்டைக்குள்ள இன்னா இருக்குது?"

"காத்து," என்றார்.

அவர் சாப்பிடப் போன நேரத்தில், அவருடைய கருவிப் பெட்டியிலிருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாக அந்த ஓட்டையில் விட்டுப் பார்த்தேன். ஒன்றும் சேரவில்லை. பெட்டியின் அடியில், துணியில் சுற்றிய நீளமான போல்ட் ஒன்று தனியாகக் கிடந்தது. அது சுகமாகச் சுழன்றுகொண்டே போய் உள்ளே அச்சில் முட்டி நின்றது. ஸ்பேனரை மாட்டிக் காலால் மிதித்தேன். திருகத் திருக மூடி தானாகவே வெளியே நகர்ந்து வந்து மடியில் விழுந்தது. உள்ளே காய்ந்துபோன கிரீஸைத் தவிர ஒன்றுமில்லை. ஏமாற்றம்தான், ஆனாலும் தெருவே கேட்கும்படி கத்தினேன்.

அப்பா ஓடி வந்து என்னைத் தூக்கிக்கொண்டார். "மூணு நாளா ஒரு தடி ஆம்பளையால ஆவாதத எம் பொண்ணு முடிச்சிட்டா பாருங்கடா!"

சித்தப்பா எச்சில் கையோடு கடைசியாக வந்தார். மூடியை வாங்கிப் பார்த்தார். பிறகு அதிலிருந்து போல்ட்டைத் திருகி எடுத்து, வேட்டியில் நிதானமாகத் துடைத்தார்.

"இதையும் டாக்டருகிட்ட குடுத்துடணும். இது இல்லாம கழட்ட முடியாது," என்றார்.

மறுநாள் வண்டி சத்தமே போடாமல் தெருவைத் தாண்டிப் போனது. அன்று முழுவதும் சித்தப்பா என்னோடு பேசவில்லை. அவருக்கு என்மேல் பொறாமை என்று திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.