பிஷப்பை விற்ற கதை

போன மாதம் சென்னையில் ஒரு மின்சார டாக்ஸி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருக்கிறது. எவ்வளவு நேரமாக நின்றதோ, கடவுளுக்கே வெளிச்சம். டிரைவர் தம்பி கண்ணாடியை இறக்கி, "சார், நீங்கதானே புக் பண்ணீங்க?" என்று கேட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். தெருப்பூனைகூட வரும்போது ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத்தான் வரும். ஏறி உட்கார்ந்தால், வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உடனே ஜெரால்டு அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. அவர் மட்டும் இந்த வண்டியில் ஏறியிருந்தால், எஞ்சினை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான் என்று போலீசைக் கூப்பிட்டிருப்பார்.

ஜெரால்டு அண்ணனுக்குக் குளச்சல். துபாயில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் வேலை. இரண்டாயிரத்து ஏழோ எட்டோ, சத்வாவில் ஒரு பழைய வில்லாவின் பின்கட்டு அறையில் நாங்கள் ஆறு பேர் அடுக்குக் கட்டில் போட்டுக் குடியிருந்தோம். நான் ஒரு கட்டடக் கம்பெனியில் வரைபடம் போடுகிறவன். என் கட்டில் அவருடைய கட்டிலுக்கு மேலே. அங்கே வார விடுமுறையான வெள்ளிக்கிழமையில் பூசைக்குப் போவதற்காக அவர் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்து, பவுடரும் பூசிக்கொண்டு வருவார். அப்படியும் டீசல் வாசனை போகாது. டீசலும் பவுடரும் கலந்த அந்த வாசனை என் தலையணைவரை ஏறும். இன்றைக்கும் பெட்ரோல் பங்க்கில் பவுடர் பூசிய ஆள் யாராவது பக்கத்தில் வந்து நின்றால், எனக்குப் பூசைக்கு நேரமாகிவிட்டது போலப் பதறுகிறது. நான் கிறிஸ்தவன்கூட இல்லை.

அவருடைய வண்டிக்குத்தான் பிஷப் என்று பெயர். எழுபதுகளில் வந்த இரண்டு கதவு ஜப்பான் கார். ஷார்ஜா பழைய சாமான் சந்தையில் எஞ்சின் செத்துக் கிடந்ததை அண்ணன் இழுத்து வந்தார். நாங்கள் துணி துவைத்துத் தூங்கிக் கழித்த வெள்ளிக்கிழமைகளை எல்லாம் அவர் அதன் அடியில் படுத்துக் கழித்தார். நாலு சிலிண்டர் இருந்த இடத்தில், வேறொரு பெரிய காரின் ஆறு சிலிண்டர் எஞ்சினை உட்கார வைத்தார். ரேடியேட்டர், பிரேக் எல்லாம் அதற்கேற்ற மாதிரி மாறின. பதிவு அட்டையிலும் புது எஞ்சினை முறையாக ஏற்றிவிட்டார். கடைசியில் குங்கும நிறத்தில் பெயின்ட் அடித்து, பக்கவாட்டில் தங்க நிறக் கோடு இழுத்தார். பார்க்கப் பூசை அங்கி மாதிரி இருந்ததால் நாங்கள் பிஷப் என்று பெயர் வைத்தோம். முதலில் கோபப்பட்டவர், பிறகு அவரே "பிஷப்புக்கு எண்ணெய் மாத்தணும்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

அதன் சத்தத்தை எப்படிச் சொல்வது? பிஷப் கிளம்பினால் பக்கத்துத் தையல்கடைக்காரர் மிஷினை நிறுத்திவிடுவார். வயிற்றுக்குள் ஏதோ உருளும். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது மட்டும், பிரசங்கத்துக்கு நடுவே தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு இருமல். அதை ஏன் சரி செய்யவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "அதுக்க சுபாவம் அது. நீ குறட்ட விடுதியே, நான் சரி பண்ணுனனா?" என்றார்.

இப்படிப்பட்ட வண்டியை விற்க வேண்டி வந்ததற்குக் காரணம் ஸ்டெல்லா அக்கா. அவர் மனைவி. பஹ்ரைனில் நர்ஸ், குதைபியாவில் வீடு. கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியும், லீவில் ஊருக்குப் போன நாட்களில் மட்டும்தான் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறார்கள். அலைந்து திரிந்து அண்ணனுக்கும் பஹ்ரைனிலேயே, மனாமாவில் ஒரு வேலை கிடைத்தது. அடுத்த மாதத் தொடக்கத்தில் சேராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான். துபாய் விசாவை ரத்து செய்வதற்கு முன் பிஷப்பை யாருக்காவது மாற்றிக் கொடுத்தாக வேண்டும். அண்ணனோ, சவூதி வழியாக ஓட்டிக்கொண்டே போய்விடலாமா என்று வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா அக்கா போனில் ஒரே வாக்கியம்தான் சொன்னாராம்: "வண்டி வேணுமா நான் வேணுமாண்ணு இண்ணைக்கே சொல்லிருங்க." அண்ணன் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டதில் ஒரு வாரம் பேச்சு நின்றுபோனது.

கண்ணாடியில் விலைக்கு என்று எழுதி ஒட்டினோம். முதலில் வந்தவர் அபுதாபியில் கணக்கராக இருந்த நம்ம ஊர்க்காரர், மனைவி குழந்தையோடு. அண்ணன் சாவியைத் திருப்பியதும் குழந்தை வீறிட்டு அழுதது. கணக்கர் அழுகைக்கு மேல் குரலை உயர்த்தி மைலேஜ் என்ன கொடுக்கும் என்று கேட்டார். அந்த அம்மா பின் சீட்டில் அரிசி மூட்டை வைக்க இடம் இருக்குமா என்று பார்த்தார். வண்டி பிரமாதம், சத்தம்தான் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு அறையில் கமிட்டி கூடியது. ஆறு பேரில் ஐந்து பேருக்குக் கார் ஓட்டவே தெரியாது. அதனால் ஆலோசனைக்குக் குறைவில்லை. சத்தத்தை அடக்கினால் தானாகப் போகும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பெரிய குடும்பக் காரின் சைலன்சரைக் கொண்டுவந்து மாட்டினார். தரையில் கம்பளம், கதவில் ரப்பர், சீட்டுக்கு மணி கோத்த விரிப்பு. போதாக்குறைக்கு, நான் டேஷ்போர்டில் பூப்போட்ட டிஷ்யூ பெட்டி ஒன்றை வைத்தேன். பிஷப் மௌன விரதத்துக்குப் போய்விட்டார்.

அப்புறம்தான் காலித் வந்தான். உள்ளூர் அரபி, இருபத்து மூன்று வயது இருக்கும், மடிப்புக் கலையாத வெள்ளை அங்கி. சாவியை வாங்கித் திருப்பினான். ஆக்சிலேட்டரை மிதித்தான். காதைச் சாய்த்தான். மறுபடியும் மிதித்தான்.

"பாய், ஆவாஸ் கிதர்?" என்றான். சத்தம் எங்கே என்கிறான்.

அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆவாஸ் மாஃபி! புல் சைலன்ட்!" என்று கட்டைவிரலைக் காட்டினார்.

அவன் முகம் விழுந்துவிட்டது. காலேஜ் போன காலத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் இந்தச் சத்தம் தன் வீட்டுச் சுவரைத் தாண்டி வரும் என்றும், அதைத் தேடித்தான் வந்தேன் என்றும், இது அந்த வண்டி இல்லை என்றும் இந்தியில் சொன்னான். டிஷ்யூ பெட்டியை ஒருமுறை வருத்தத்தோடு பார்த்துவிட்டு இறங்கி நடந்தான்.

போகிறது வெறும் கிராக்கி இல்லை, குதைபியா வீடு போகிறது என்று எனக்கே தெரிந்தது. அண்ணனுக்கு அரபி தெரியாது, இந்தியும் இருபது வார்த்தைதான். ஓடிப்போய் அவன் முன்னால் நின்றார். கண்ணை மூடினார். வாயால் பிஷப்பைக் கிளப்பினார்.

நான் பொய் சொல்லவில்லை. நடுத்தெருவில், பட்டப்பகலில், முதல் கியர் உறுமியது. தோளைச் சாய்த்து இரண்டாவது போட்டார். அப்புறம் அந்த இருமல். இருமலைக் கேட்டதும் காலித் சிரிக்க ஆரம்பித்தான். மூன்று, நாலு என்று அண்ணன் நின்ற இடத்திலிருந்தே ஜுமைரா சாலை வரைக்கும் போய்விட்டார். கழுத்து நரம்பு புடைத்து, முகம் வண்டி நிறத்துக்கு வந்துவிட்டது.

"கலாஸ்," என்றான் காலித். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

சைலன்சரை அங்கேயே கழற்றச் சொன்னான். கழற்றினார். பெயர் மாற்றும் வேலையெல்லாம் முடிந்து வண்டி கிளம்பிய அன்று, அண்ணன் அந்தச் சைலன்சரைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நடைபாதையில் நின்றார். பிஷப் கண்ணுக்கு மறைந்த பிறகும் காதுக்கு மறையவில்லை. "ரெண்டு போட்டான்... மூணு... நாலு. நல்லாத்தான் ஓட்டுதான், பாவி," என்றார். அழுதுகொண்டுதான் சொன்னார். அந்த வாரமே மனாமா போய்விட்டார். ஸ்டெல்லா அக்கா விமான நிலையத்துக்கு வந்திருந்தாராம்.

இப்போது அந்த வில்லா இல்லை, இடித்துவிட்டார்கள். தையல்கடையும் போயிற்று. பிஷப் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அண்ணனும் அக்காவும் குளச்சலுக்கே திரும்பிவிட்டார்கள்.

டாக்ஸியிலிருந்தே அவருக்குப் போன் போட்டேன். அக்கா வாங்கிக் கொடுத்த மின்சார ஸ்கூட்டரில்தான் இப்போது மீன் வாங்கப் போகிறாராம். அண்ணே, ஒரு தடவை பிஷப்பை எடுங்க என்றேன். வேண்டாம் என்றுதான் சொன்னார், ஆனால் அதற்குள் முதல் கியர் விழுந்துவிட்டது. பின்னால் அக்கா திட்டுவது கேட்டது. இரண்டு. இருமல். மூன்று. அப்புறம் சத்தமே இல்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"நாலுக்கு மூச்சு எட்டல மக்கா," என்றார்.

எனக்கு என்ன தோன்றியதோ, நாலாவது கியரை நானே போட்டேன், என்னால் முடிந்த மட்டும் உரக்க. டிரைவர் தம்பி திரும்பிப் பார்த்து, "சார், உடம்புக்கு ஏதும் செய்யுதா?" என்று கேட்டபோதுதான் வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார் என்று தெரிந்தது. நின்றதே எனக்குக் கேட்கவில்லை.