கேட்டுக்கு வெளியே ஒரு சூடம்

அறுபதுகளின் கடைசி. திருவொற்றியூரில், நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பஞ்சுக் கழிவுக் கிடங்கில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். மில்கள் கழித்துவிடும் பஞ்சு எங்களிடம் வரும்; பெண்கள் உட்கார்ந்து பிரிப்பார்கள்; கப்பல் எஞ்சின்களைத் துடைக்கத் துறைமுகத்துக்குப் போகும். தலைமுடியில், இமையில், சோற்றில், எங்கும் பஞ்சு. மூச்சுக்கூட வெள்ளையாக வருவதுபோல் இருக்கும்.

அன்று வெள்ளிக்கிழமை. கிடங்கின் தீ இன்ஷூரன்ஸ் அன்றோடு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் மறுநாளே பூட்டு என்று முதலாளி சொல்லிவிட்டுப் போயிருந்தார். என் பிழைப்பும் அந்தப் பெண்களின் அடுப்பும் அந்தப் பூட்டில் தொங்கின.

சோதனைக்கு வந்த இன்ஷூரன்ஸ் அதிகாரி ராயபுரத்துக்காரர். கழுத்தில் சின்னச் சிலுவை. மணல் வாளிகளைப் பார்த்தார், மின்கம்பிகளைப் பார்த்தார், தலையசைத்தார். பிறகு அவர் பார்வை, மூட்டைகளுக்கு நடுவே சுவரில் மாட்டியிருந்த அம்மன் படத்தில் நின்றது. கீழே சூடம் எரிந்த கரி. வெள்ளிதோறும் சூடம் காட்டிவிட்டுத்தான் பெண்கள் பஞ்சில் கை வைப்பார்கள்.

"பஞ்சுக் கிடங்குக்குள்ள நெருப்பே கூடாதுங்க. இது இருக்கிற வரைக்கும் நான் கையெழுத்துப் போட முடியாது."

"வேற கம்பெனின்னா கண்டுக்க மாட்டாங்க சார்" என்று கெஞ்சினேன்.

"எல்லாக் கம்பெனிக்கும் ஒரே விதிதான். சில பேர் கண்டுக்காம எழுதிக் குடுப்பாங்க. நாளைக்குத் தீப்பிடிச்சா, விதிய மீறினீங்கன்னு கைய விரிச்சிடுவாங்க. அப்ப இந்தப் பொம்பளைங்க யார்கிட்ட போவாங்க?"

அதற்குள் பெண்கள் எழுந்துவிட்டார்கள். அவர்களில் குரல் பெரியவள் ஒருத்தி இடுப்பில் கை வைத்து முன்னால் வந்தாள்.

"இன்னா சார், எங்க ஆத்தாவ வெளிய தள்ளச் சொல்றியா? சூடம் காட்டாத எடத்துல ஒருத்தியும் குந்த மாட்டோம், ஆமா!"

"தள்ளலைம்மா. கேட்டுக்கு வெளிய காவலுக்கு உக்கார வைக்கலாம்னு சொல்றேன்."

"வாட்ச்மேன் வேலையா? சம்பளம் உங்க கம்பெனி குடுக்குமா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்டின்னா நீயே தூக்கினு போ, பாக்கலாம்."

அதிகாரி கோபித்துக்கொண்டு போய்விடுவார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் ஷூவைக் கழற்றினார். குழாயடியில் கைகால் கழுவினார். படத்தை இறக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு, வெயில் காய்ந்த முற்றத்தில் வெறுங்காலோடு நடந்தார். பின்னால் யாரோ ஒருத்தி குலவையிட்டாள்.

கேட்டைத் தாண்டி, காற்று கிடங்குப் பக்கம் வீசாத மூலையாகத் தேடி, நானும் அவரும் செங்கல் அடுக்கினோம். ஆத்தா அமர்ந்தாள். ஆனால் சூடம் நிற்கவில்லை. ஏற்ற ஏற்றக் கடல்காற்று ஊதி அணைத்தது. அவர் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் குவித்து அதற்கு மறைப்புக் கட்டினார். சுடர் நிமிர்ந்தது.

"கைய சுட்டுக்கப் போற, நைனா" என்றாள் அந்தப் பெரிய குரல்காரி. 'சார்' என்ற சொல் எங்கோ போய்விட்டிருந்தது.

அன்று மாலையே கையெழுத்தானது. சனிக்கிழமை காலை வழக்கம்போல் கிடங்கு திறந்தது.

இன்று எனக்கு வேறு வேலை. யாரிடமாவது 'கூடாது' என்று சொல்ல நேரும்போதெல்லாம், சொல்லிவிட்டு அப்படியே திரும்பிப் போக என்னால் முடிவதில்லை; கடல்காற்றில் குவிந்த அந்த இரண்டு கைகள், நான் நன்றி சொல்லாமலே வழியனுப்பிய கைகள், என்னை இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்க வைக்கின்றன.