வைரம், மரக்காணம்

போன மாதம் அனுமந்தையிலிருந்து கருவாட்டு வியாபாரி ஒருவர் திண்டிவனத்தில் இருக்கும் என் அலுவலகத்துக்கு வந்தார். வெப்சைட் ஆரம்பிக்க என்னென்ன வேண்டும் என்று கேட்டார். பல வருடங்களாகச் சொல்லிச் சொல்லி இந்தப் பதில் எனக்கு மனப்பாடம். முதலில் ஒரு பெயர் வேண்டும். உலகத்தில் வேறு யாரும் எடுத்திராத பெயராக இருக்க வேண்டும், வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். பிறகு சரக்கை வைக்க எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் வாடகைக்கு இடம். அந்தப் பெயரைத் தேடி வருகிறவர்களை இந்த இடத்துக்குத் திருப்பிவிட ஒரு பதிவு. வந்தவர்கள் பார்க்க நாலு படம், நாலு வரி. "பேரை முதல்ல பதிஞ்சிடுங்க. அதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்று வழக்கம்போல முடித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்ககிட்ட சொல்லலாங்களா?" என்றார்.

நியாயமான கேள்விதான். என்னிடம் சொல்லித்தான் ஒரு பெயர் பறிபோனது. அப்போது நான் நான்காம் வகுப்பு. எண்பதுகளின் கடைசி, வெப்சைட் என்ற சொல்லே பிறந்திருக்கவில்லை. ஆனால் தந்தி ஆபீஸ் இருந்தது.

எங்களுக்கு மரக்காணத்தில் சிறிய உப்பளம். வாரி அம்பாரமாகக் குவிக்கும் உப்பு முழுவதும் ஒரே தரகர் கைவழியாகத்தான் போகும். பெங்களூர் மண்டிக்காரர்களுக்கு அவரைத் தெரியும், எங்களைத் தெரியாது. ஐப்பசி மழை இறங்குவதற்குள் உப்பைத் தள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் கரைந்து மண்ணோடு போய்விடும். அதனால் தரகர் ஆவணி வரைக்கும் வாய் திறக்க மாட்டார். வானம் கறுக்கத் தொடங்கியதும் வந்து, தன் விலையைச் சொல்வார்.

அந்த வருடம், எங்களோடு இருந்த சித்தப்பா புது யோசனையோடு வந்தார். தந்தி ஆபீசில் கட்டணம் கட்டினால் ஒரே ஒரு சொல்லை நம் முகவரியாகப் பதிந்து கொடுப்பார்களாம். அப்புறம் பெங்களூர்க்காரர் நீளமாக விலாசம் எழுத வேண்டாம். அந்தச் சொல், பக்கத்தில் ஊர்ப்பெயர், அவ்வளவுதான். தந்தி நேராக நம் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். தெருவைப் பார்த்த அறையை ஆபீசாக்கி ஒரு போர்டு மாட்டலாம், உப்பின் தரத்தை அச்சடித்துக் கார்டு அனுப்பலாம், தரகருக்கு ஒரு கும்பிடு போடலாம் என்றார். சித்தப்பா பேசினால் உப்புத் தண்ணீரும் இனிக்கும்.

அப்பாவுக்கு இனிக்கவில்லை. பஸ் டிக்கெட்டையே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கும் மனிதர் அவர்.

"பேருக்கு வருசா வருசம் பணமா? பெத்தவங்களே வாங்கலியேடா" என்றார்.

"இது வேற பேருண்ணா. நம்ம எடுத்துட்டா இந்த ஊர்ல வேற எவனும் எடுக்க முடியாது."

"எவன் எடுக்கப் போறான்?"

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். அந்தச் சொல்லை இங்கிலீஷ் எழுத்தில்தான் பதிய வேண்டுமாம். அவர் பத்தாவதில் இங்கிலீஷில் கோட்டை விட்டவர். நானோ ஊருக்குப் புதிதாக வந்த இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் படிக்கிறவள். வெயிலில் உப்பு மினுக்குவதைப் பார்த்து வைரம் என்று அவரே பெயர் யோசித்து வைத்திருந்தார். VYRAM என்று எழுதிக் காட்டினார். நான் அதை அடித்துவிட்டு VAIRAM என்று எழுதினேன். ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு பெயராகிவிடும் என்பதால் அவர் அதை நாலு முறை எழுதிப் பார்த்தார். பிறகு என் தலையில் கையை வைத்து, "பதியிற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது, இன்னா?" என்றார். சரி என்றேன்.

சித்தப்பாவுக்குப் பொறுமை கிடையாது. மறுநாளே திண்டிவனம் போய்க் கார்டுகளை அச்சடித்து, அங்கேயே தபாலில் போட்டுவிட்டு வந்தார். "தந்தி முகவரி: VAIRAM, மரக்காணம்" என்று அந்தப் பெயர் பெங்களூருக்குப் பாதி வழி போய்விட்டது. பதிவுதான் பாக்கி. உப்பளம் அப்பா பெயரில் இருந்ததால் விண்ணப்பத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அப்பா அந்தத் தாளைப் பத்து நாள் படித்தார். பின்பக்கம் வெறும் தாளாக இருந்தது. பின்னால் ஏதாவது எழுதிச் சேர்த்துவிடுவார்களோ என்று அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நான் அப்பாவின் மகள். ஒரு ரகசியம் கைக்கு வந்ததும் ஊரில் எல்லோர் மீதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தந்தி கொண்டுவரும் சைக்கிள்காரர் எங்கள் வீட்டு முன்னால் ஏன் மணியடிக்கிறார்? தேங்காய் வாங்கப் போனால் பாய் கடையில் ஏன் பேச்சை நிறுத்துகிறார்கள்? யார் யாரோடு நின்றார்கள் என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தேன். தரகரும் சித்தப்பாவும் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததையும் குறித்துக்கொண்டேன்.

அந்தத் தரகர் ஒருநாள் உப்பளத்து வரப்பில் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"ஏம் பாப்பா, சித்தப்பா ஏதோ பேரு பதியப் போறாராமே. இன்னா பேரு?"

"சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேணாம், சொல்ல வேணாம். அவருக்கு இங்கிலீஷ்ல எழுத வராதே, பாவம். ஒங்க பள்ளிக்கூடத்துலயும் சும்மா பாட்டுதான் சொல்லித் தர்றாங்களாம்?"

எனக்கு வந்த கோபத்தை இப்போதும் காதோரத்தில் உணர முடிகிறது. குச்சியை எடுத்தேன். வரப்பின் ஈரமண்ணில் ஆறு எழுத்தையும் பெரிதாக, கோணாமல் எழுதினேன். "அடேயப்பா!" என்றார் அவர். உடனே சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காலால் அழித்தேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் வீட்டுக்குப் போனேன். எதிரில் நின்றவரை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அப்பா ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டார். சித்தப்பா விண்ணப்பத்தோடு போனார். அரை மணியில் திரும்பி வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெயர் முந்தாநாளே பதிவாகிவிட்டது. யார் பெயரில் என்று அங்கே சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. அடுத்த வாரம், VAIRAM முகவரிக்கு வந்த தந்தியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தரகர் வந்தார்.

"பெங்களூர்ல ஒங்க உப்பைத்தான் கேக்குறாங்க. கார்டு நல்லா இருந்துச்சாம்" என்றார்.

மேற்கே இடி கேட்டது. அப்பா அவருடைய விலைக்குத் தலையாட்டினார்.

தரகரின் தலை மறைந்ததும் அப்பா திரும்பினார். "ஒரு எழுத்து மாறாம அவனுக்கு எப்படிடா தெரிஞ்சுது? இந்த ஊர்ல தெரிஞ்சது மூணே பேருக்கு."

"எனக்கும் அதாண்ணா புரியல."

"உனக்கா புரியல?"

அப்போது நான் நோட்டை எடுத்து வந்தேன். யாரும் கேட்கவில்லை. தேதி போட்டு எழுதியிருந்ததை உரக்கப் படித்தேன்: சித்தப்பா, தரகர், டீக்கடை, ஒரே பெஞ்சு. நன்றாகக் கண்காணித்ததற்கு என்னைப் பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். "அவருதாண்ணா கூப்பிட்டு டீ வாங்கிக் குடுத்தாரு. போகலன்னா சந்தேகப்படுவாருன்னு போனேன்" என்றார் சித்தப்பா. அப்பா அதற்கு மேல் கேட்கவில்லை. உள்ளே போய்ச் சித்தப்பாவின் துணிப்பையை எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தார்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் நான் கூடவே போனேன். பாண்டிச்சேரி பஸ் வரத் தாமதமானது. சித்தப்பா என் எதிரில் குந்தி உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்தார். கோபமே இல்லை.

"நீ யாருகிட்டயாவது சொன்னியாம்மா?"

"நான் வாயே தொறக்கல சித்தப்பா. சத்தியமா."

அவர் எழுந்து நின்றார். "நீ சொல்லலன்னா அண்ணன்தான் சொல்லியிருக்கணும். சொல்லிட்டு பழிய எம்மேல போடுறாரு" என்றார், என்னிடம் அல்ல, சாலையைப் பார்த்து.

பஸ் வந்தது. அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படியேறவில்லை. அப்பாவின் சாவுக்கும் வரவில்லை. அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. ஊரில் இத்தனை பேர் மீது சந்தேகம் இருக்க, சித்தப்பா என்னை மட்டும் நம்பிவிட்டார் என்ற சந்தோஷத்தில், பஸ் திரும்பும் வரைக்கும் கையாட்டிக்கொண்டே இருந்தேன்.