கெட்டிமேளத்துக்குப் பதிலாக ஒரு டிரம்பெட்

போன சனிக்கிழமை சுவிஸின் லோசான் நகரில் மேட்டுத் தெரு ஒன்றில் மூச்சு வாங்கி நின்றபோது, பக்கத்துத் தேவாலயத்திலிருந்து ஒரு கலியாண இசை கேட்டது. உங்களுக்கும் தெரிந்ததுதான்: மணப்பெண் உள்ளே வரும்போது டிரம்பெட்டில் கம்பீரமாக எழும் ஆங்கிலேய மெட்டு. சுவரில் ஒட்டியிருப்பதையெல்லாம் படிக்கும் வியாதி எனக்கு உண்டு. வாசலிலிருந்த நிகழ்ச்சித் தாளைப் படித்தேன். எழுதியவர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் லண்டனில் ஆர்கன் வாசித்தவர். மெட்டு நெடுங்காலம் இன்னொருவர் பெயரில் இருந்ததாம். உண்மையில் எழுதியவரோ காதல் கைகூடாமல் தன்னையே சுட்டுக்கொண்டார் என்கிறார்கள்.

நான் அந்த மெட்டை முதலில் கேட்டது பேர்ன் பக்கத்துக் கிராம மண்டபத்தில், சாம்பிராணிப் புகைக்கு நடுவே. என்னோடு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்த வதனியின் கலியாணம். மண்டபத்தைப் பிடித்துத் தந்தவர் எங்களோடு வேலை செய்த ரூடி என்ற சுவிஸ்காரர். அவருடைய ஊர் வாத்தியக் குழு ஒத்திகை பார்க்கும் இடம் அது. புகைக்கு அலாரம் அடித்துவிடுமோ என்று அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெர்மனியிலிருந்து வந்த மேளகாரர்களைப் பாசல் எல்லையில் விசா பார்க்க மறித்துவிட்டார்கள். முகூர்த்தம் முடியப்போகிறது. வதனியின் தாய்க்கு ஒரே பயம்தான். தாலி ஏறும்போது மேளம் முழங்காவிட்டால் தும்மலோ அழுகையோ மணமக்கள் காதில் விழுந்துவிடும், அது அபசகுனம்.

"ஆரும் தும்மினால் என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கை என்னாகிறது?"

"தும்முற ஆக்களை வெளியிலை நிப்பாட்டுவம் அக்கா," என்றார் அவருடைய தம்பி. தாய் சிரிக்கவில்லை.

நான் ரூடியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பின்னறை அலுமாரியிலிருந்து டிரம்பெட்டோடு வந்தார். கலியாணத்துக்கென்று அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு மெட்டுத்தான். அவர் நிதானமாக ஊத, மாப்பிள்ளை தாலியை எடுத்தார். ஐயர் பழக்கத்தில் சுட்டுவிரலை உயர்த்தி வேகமாக ஆட்டினார். கெட்டிமேளம் கொட்டு என்று நமக்குத் தெரியும். சுவிஸில் விரலை அப்படி ஆட்டினால் வேண்டாம், நிறுத்து என்று பொருள். ரூடி நிறுத்திவிட்டார்.

மண்டபத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. தாய் நெஞ்சில் கை வைத்தார். ஐயர் விரலை இன்னும் வேகமாக ஆட்டினார். ரூடி டிரம்பெட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

தலை குனிந்து இருக்கவேண்டிய மணப்பெண் திரும்பினாள். சலவை இயந்திர இரைச்சலுக்கு மேலால் கத்திப் பழகிய குரல்.

"ரூடி, வைட்டர்!"

தொடர்ந்து ஊது என்று ஜெர்மனில். ரூடி ஊதினார். தாலி ஏறியது. யாரும் தும்மவில்லை. மேளகாரர்கள் பந்திக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

லோசானிலிருந்து திரும்பியதும் வதனியிடம் அவளுடைய கலியாண வீடியோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். டிரம்பெட் சத்தமே இல்லை. தாய் சொன்னபடி வீடியோக்காரர் அந்த இடம் முழுவதையும் கெட்டிமேளத்தால் நிரப்பியிருந்தார். மேளம் முழங்க முழங்க மணப்பெண் நிமிர்ந்து திரும்புகிறாள். வாய் மட்டும் அசைகிறது.