கப்பலேறிய பூட்டுக்காரரும் வீட்டிலிருந்த பெரியவரும்

பூட்டுக்காரர் தம் கல்யாணத்துக்கே தாமதமாகத்தான் வந்து சேர்ந்தார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்தவருக்குப் பூட்டினோமா என்று சந்தேகம். திரும்பிப் போய் இழுத்துப் பார்த்தார். பூட்டித்தான் இருந்தது. மறுபடி தெருமுனைக்கு வந்தால், இழுத்த இழுப்பில் திறந்துகொண்டிருக்குமோ என்று இன்னொரு சந்தேகம். மண்டபத்தில் காத்திருந்த மணப்பெண், மாப்பிள்ளைக்கு வேறு எங்கோ மனசு இருக்கிறது போலும் என்று கவலைப்பட்டாள். வாழ்ந்து பார்த்ததில் அந்தக் கவலை நியாயமானதுதான் என்று தெரிந்தது. அவர் மனசு பூட்டில் இருந்தது.

பேருந்து நிலையத்தின் மாடிப்படிக்கு அடியில் அவர் கடை. படிக்கட்டு சரிந்து இறங்கும் இடமாதலால் எழுந்து நிற்க முடியாது. உட்காரலாம், அதுவும் தலையை ஒருக்களித்து. அந்தச் சாய்வு காலப்போக்கில் கழுத்திலேயே தங்கிவிட்டது. எதைச் சொன்னாலும் அவர் நம்பாமல் கேட்பது போலவே இருக்கும். பல நேரம் நம்பாமல்தான் கேட்பார். ஊரில் சாவி தொலைத்தவர்கள், சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியவர்கள், சாவி கையில் இருந்தும் கதவு திறக்காதவர்கள் எல்லாரும் அந்தப் படிக்கட்டின் கீழ் குனிந்து நின்று அவரிடம் குறை சொன்னார்கள்.

கல்யாணமான புதிதில், தம் மாடி வீட்டின் ஒரே வாசல் கதவுக்கு, தம் கையாலேயே ஒரு பூட்டுச் செய்து பதித்தார். உள்ளங்கை அகலம், பித்தளை முகம், உள்பக்கமும் வெளிப்பக்கமும் சாவித் துவாரம். இரண்டு சுற்றுச் சுற்றினால் 'டொக்... டொக்' என்று தொண்டையைக் கனைத்துக்கொள்ளும். அந்தக் கனைப்பைக் கேட்டுத்தான் அதற்குப் 'பெரியவர்' என்று பெயர் வைத்தார். அதன்பின் அதைப் பற்றி அவன் இவன் என்று யாரும் பேசக் கூடாது. "பெரியவர் இருக்கார்ல, அப்புறம் என்ன பயம்?" என்பார். ஞாயிறு தவறாமல் பெரியவருக்கு எண்ணெய் விட்டார். டீக்கடையில் பேச்சு எங்கே தொடங்கினாலும் பெரியவரிடம் வந்து முடியும். "எமனே வந்தாலும் காலிங்பெல் அடிச்சிட்டுத்தான் நிக்கணும்" என்று அவர் சொல்லும்போது தெருக்காரர்கள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலில் ஒரு தனி மரியாதை இருப்பதாக அவர் நினைத்தார்.

மனைவி, தங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு சின்ன அழகு நிலையம் நடத்தினாள். கல்யாண நாள்தோறும் கணவர் பரிசு கொடுக்கத் தவறியதில்லை. ஒரு வருடம் அலமாரிப் பூட்டு. ஒரு வருடம் சைக்கிள் பூட்டு. அவளிடம் சைக்கிள் இல்லை. இன்னொரு வருடம் பெட்டிப் பூட்டு. பெட்டியும் இல்லை. இருபத்தைந்தாவது கல்யாண நாள் நெருங்கியபோது அவள் ஒரு பெட்டி வாங்கிவந்து கூடத்தின் நடுவில் வைத்தாள். அந்தப் பூட்டுக்கு ஒரு வழி பிறந்தது என்று அவர் மகிழும்போதே, கப்பலில் இரண்டு சீட்டு எடுத்துவிட்டதாகவும், தென்னை மரமும் பச்சைக் கடலுமாக இருக்கும் தீவுகளுக்குப் போய்விட்டு நாலாம் நாள் திரும்புவதாகவும் அறிவித்தாள்.

"வீட்டை யார் பாத்துப்பா?"

"பெரியவர் இருக்கார்ல" என்றாள்.

சொந்த வாக்குமூலமே எதிர்சாட்சியாக வந்தால் வக்கீலாலும் ஒன்றும் செய்ய முடியாது. பூட்டுக்காரர் சம்மதித்தார்.

ஒரு சிக்கல் மட்டும் வந்தது. மனைவியின் தம்பி ரொட்டிக் கடையில் இரவு வேலை பார்ப்பவன். விடியும்போது வேலை முடித்து, தலை முதல் கால் வரை மாவாக வந்து, விழுந்த இடத்தில் தூங்குவான். இடி விழுந்தால் புரண்டு படுப்பான், அவ்வளவுதான். அவன் இருந்த அறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாலு நாளும் அவன் இங்கே தங்கட்டுமே, தொட்டிச் செடிக்குத் தண்ணீர் விட்ட மாதிரியும் இருக்கும் என்றாள். பூட்டுக்காரர் கழுத்தில் கயிற்றில் தொங்கிய சாவியைப் பிடித்துக்கொண்டார். மச்சான் மேல் அவருக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் சாவி கை மாறினால் பூட்டுக்கு மரியாதை போய்விடும்.

"சரிங்க" என்றாள் மனைவி.

இத்தனை வருடம் குடித்தனம் நடத்திய எந்தக் கணவரும் அவ்வளவு சீக்கிரம் வருகிற ஒரு 'சரிங்க'வைக் கேட்டால் கொஞ்சம் நடுங்க வேண்டும். இவர் பெட்டிப் பூட்டுக்கு எண்ணெய் விடப் போய்விட்டார்.

கிளம்பும் காலை அவர் ஒரு கோட்டையைக் காலி செய்யும் தளபதியைப் போல நடந்துகொண்டார். கேஸை அடைத்தார். தண்ணீர்க் குழாயை மூலத்திலேயே திருகி மூடினார். மெயின் சுவிட்சை இறக்கினார். ஃப்ரிட்ஜைத் துடைத்து வெறுமையாக்கி, வாயைத் திறந்து வைத்தார். சன்னல்களைச் சாத்தினார், அவற்றின் கம்பிகளும் அவர் வடித்தவைதான், ஒரு பூனைக்குட்டி நுழைய வேண்டுமானால் பட்டினி கிடந்து வர வேண்டும்.

கீழே வரைதானே என்று கதவைத் திறந்தபடி விட்டுப் பெட்டியை இறக்கியபோது டாக்ஸியின் டிக்கிப் பூட்டு அவருக்குப் பிடிக்கவில்லை. டிக்கிக்குள் தலையை விட்டு அதன் குறைகளை டிரைவருக்கு விளக்கினார். மனைவியும் டிரைவரும் கூடவே தலையை விட்டுக் கேட்க வேண்டியதாயிற்று. பாடம் முடிந்து மூவரும் மாடிக்கு வந்தார்கள். திறந்த வாசலில் கணவனும் மனைவியும் நிற்க, டிரைவர் அவள் போனில் படம் பிடித்தார். பிறகு டொக், டொக். ஒரு தரம் இழுத்தார். படியிறங்கி, திரும்ப ஏறி, இன்னொரு தரம் இழுத்தார்.

கப்பலில் அவருக்கு முதல் அதிர்ச்சி கதவுதான். சாவி கிடையாது; சீட்டுக்கட்டுச் சீட்டு மாதிரி ஓர் அட்டை. காட்டினால் 'கீச்' என்கிறது, திறந்துகொள்கிறது. "வெக்கங்கெட்ட பூட்டு" என்றார். நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்த பிறகுதான் சட்டையைக் கழற்றினார்.

கரை மறைந்ததும் போனில் இருந்த சிக்னல் கோடுகளும் மறைந்தன. மதியம் மேல்தளத்தில் சாய்வு நாற்காலிகளில் படுத்திருந்தார்கள். சுற்றிலும் உலகத்துக் கவலையையெல்லாம் கரையில் இறக்கிவிட்டவர்கள் நீச்சல் குளத்தில் மிதந்தார்கள். மனைவி காலையில் எடுத்த படத்தைக் காட்டினாள். பூட்டுக்காரர் வழக்கப்படி முதலில் பெரியவரைப் பார்த்தார், படத்தில் அவர் கம்பீரமாக விழுந்திருந்தார். பிறகு மனைவி, பிறகு தாம். அப்புறம்தான் தங்கள் கால்களுக்குப் பின்னால், வீட்டுக்குள், ஒரு ஜோடி ஷூ கிடப்பதைப் பார்த்தார்.

வெள்ளை ஷூ அல்ல. மாவு பூசி வெள்ளையான கறுப்பு ஷூ.

மனைவி படத்தை வெடுக்கென்று தள்ளிவிட்டு, "கடல் எவ்வளவு நீலமா இருக்கு பாருங்க" என்றாள். பூட்டுக்காரர் கடலைப் பார்த்தார். கடல் முழுவதும் மச்சான் தெரிந்தான்.

டிக்கிக்குள் தலை விட்டிருந்த நேரத்தில் பயல் மேலே ஏறிப்போய்ச் சின்ன அறையில் விழுந்திருக்கிறான். எழுந்தால் விளக்கு எரியாது. குழாயில் காற்றுதான் வரும். அடுப்பு பற்றாது; பற்றினாலும் வைக்க ஒன்றுமில்லை. அவன் போன் எப்போதும் கடைசி மூச்சோடுதான் வீடு வந்து சேரும், சார்ஜ் போட மின்சாரமும் இல்லை. திருடன் உள்ளே வராமலிருக்கச் செய்த ஏற்பாடு ஒவ்வொன்றும், மச்சான் வெளியே போகாமலிருக்க அதைவிடக் கச்சிதமாகப் பொருந்தியது. வேலையில் குற்றமே சொல்ல முடியாது.

மனைவியிடம் எப்படிச் சொல்வது? கூடப் பிறந்தவன் ஒரே ஒருவன். இருபத்தைந்து வருடத்தில் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது இந்த ஒரு பயணம். சாப்பாட்டுக் கூடத்தில் மலைமலையாகப் பழம் அடுக்கியிருந்தார்கள். அவர் ஒரு துண்டு அன்னாசியை எடுத்தார். பட்டினி கிடக்கும் மச்சான் நினைவு வந்து வைத்துவிட்டார். ரொட்டியைப் பார்த்ததும் கண் கலங்கியது.

அவர் நெஞ்சில் இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். ஆளனுப்பிக் கதவைத் திறக்கச் சொல்லலாம். ஆனால் பெரியவரைத் திறக்க உலகில் அவரைத் தவிர ஆளில்லை. அப்படியானால் உடைக்க வேண்டும். தீயணைப்புக்காரர்கள் பெரியவரின் முகத்தில் கடப்பாரையை வைக்கும் காட்சியை நினைத்தபோது தம் பல்லையே யாரோ ஆட்டுவது போலிருந்தது. நாளைக் காலை தீவில் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாமா? ஒருநாள் பட்டினியில் யாரும் செத்ததில்லை. இப்படி நினைத்துவிட்டு, நினைத்தவன் தாமா என்று அவரே மிரண்டுபோனார். ஒரு பித்தளைத் துண்டுக்காக மனிதனைக் காயப்போடுகிறோமே என்று உறைத்தது. சாயங்காலம், தலைவலி மாத்திரை வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னார். கப்பலின் போனில் கரைக்குப் பேசலாம் என்றாள் அவள். பக்கத்தில் பூட்டுத் திறக்கிற ஆள் யாராவது இருந்தால் அவரை முதலில் அனுப்பலாமே என்றும் யோசனை சொன்னாள்.

"இருக்காரும்மா. கடை பூட்டியிருக்கு."

"வீட்டு நம்பர் தெரியுமா?"

"நான்தாம்மா அது."

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு போனை எடுத்தாள். பூட்டுக்காரர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, வாழ்நாளில் சொல்லாத வார்த்தையைச் சொன்னார்.

"தீயணைப்புக்குப் போடுங்க. கதவை உடைக்கச் சொல்லுங்க. பூட்டு போனா போகட்டும்."

"உடைக்க வேணாங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மனைவி நின்றிருந்தாள். முகம் சிரிப்பா அழுகையா என்று முடிவெடுக்காமல் இருந்தது. கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி மேசை மேல் வைத்தாள். பூட்டுக்காரர் ஊசியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி ஊசியைப் பார்த்தார். தொழில்காரர் அல்லவா; புரிந்துவிட்டது.

"பெரியவரா?"

"பெரியவர்தாங்க."

எத்தனையோ வருடம் முன்பு அவர் தனக்குக் கொடுத்திருந்த சாவியை அவள் தொலைத்துவிட்டாளாம். சொன்னால் இவர் சோறு தண்ணீர் இறங்காமல் கிடப்பார் என்று பயந்து, கையில் கிடைத்த கொண்டை ஊசியை விட்டுப் பார்த்தாளாம். பெரியவர் ஒரு கனைப்புக்கூட இல்லாமல் வழிவிட்டாராம். அன்றிலிருந்து அப்படியே பழகிவிட்டதாம். தம்பிக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இந்த நாலு நாள் வந்து தங்கிக்கொள்ளச் சொன்னதும் அவள்தான். பயல் முந்திக்கொண்டு வந்து தூங்கிவிட்டான்.

"உன் தம்பிக்கு மட்டும்தானே தெரியும்?"

"எதிர்வீட்டுத் தையக்காரம்மாவுக்கும் தெரியும். ஒரு நாள் நான் கடையில இருந்தப்ப மழை வந்திடுச்சு, அவங்கதான் தொறந்து துணி எடுத்து வெச்சாங்க. அப்புறம் தண்ணி கேன்காரர்..."

"போதும்."

டீக்கடையின் தலையாட்டல்கள் எல்லாம் வரிசையாக அவர் நினைவில் வந்து நின்றன. ஒரு தெருவே சேர்ந்து, டம்ளரைப் பார்த்தபடி, அவர் மானத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறது. கோபம் வர வேண்டிய இடம்தான். சட்டைப் பைகளில் சாவி தேடுகிறவரைப் போல அவர் தம்முள் கோபத்தைத் தேடிப் பார்த்தார். அகப்படவில்லை. கையில் வந்தது வேறு எதுவோ. மார்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது. சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அப்போ அவன் வெளிய வந்திருப்பான்?"

"பசிச்ச நிமிஷமே வந்திருப்பான். போன் போட்டுப் பாருங்க."

வரவேற்புப் பெண் ஆவலோடு எண்ணை அழுத்தினாள். எதிர்வீட்டில் சார்ஜ் ஏற்றிக்கொண்ட போனை அவன் உடனே எடுத்தான். கொட்டாவியோடு மச்சானின் குரல்.

"கோவிச்சுக்காதீங்க மாமா. எழுந்து பாத்தா பூட்டிக் கிடந்தது. தொறந்துட்டுப் போய்ச் சாப்பிட்டேன். திரும்ப வந்து பூட்டிட்டுத் தூங்கறேன்."

பூட்டுக்காரருக்குக் கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தும் வாயில் வந்தது ஒன்றுதான்.

"இழுத்துப் பாத்தியா?"

"ரெண்டு தரம் பாத்தேன் மாமா."

அன்று அவர் மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டார்; நான்காவது தட்டோடு வந்தபோது மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். நடுவில், ஊசியை எந்தப் பக்கம் தள்ளுவாய் என்று விசாரித்தார். மேலே தூக்கி, லேசாக இடது பக்கம் என்றாள். அவர் நெடுநேரம் யோசித்து, தாம்தான் வாராவாரம் எண்ணெய் ஊற்றி ஊற்றி உள்ளே எல்லாவற்றையும் வழுக்கலாக்கிவிட்டதாக ஒப்புக்கொண்டார். புதிதாக ஒன்று செய்யலாம், ஆனால் அவள் ஊசி போட்டுப் பார்த்துத் திறக்கவில்லை என்று சொன்னால்தான் கதவில் ஏறும் என்றார். நாற்காலி அன்றிரவு கதவுப் பக்கம் போகாமல் நாற்காலியாகவே இருந்தது.

மறுநாள் தீவு. மணல் மாவு மாதிரி வெள்ளையாக இருந்தது. அவருக்கு மச்சான் ஞாபகம் வந்து சிரிப்பாக இருந்தது. மனைவி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கூப்பிட்டாள். உப்புத் தண்ணீரில் சாவி துருப்பிடிக்குமே என்று கரையில் தயங்கினார். பிறகு கழுத்துக் கயிற்றைக் கழற்றி, செருப்புக்குள் வைத்து, அதன் மேல் அவள் கொடுத்த ஊசியையும் காவலுக்கு வைத்துவிட்டு இறங்கினார்.

மார்பளவுக்கு வந்தவர் சட்டென்று நின்று கப்பல் பக்கம் திரும்பினார்.

"நம்ம ரூம் கதவைச் சாத்தினோமா?"

"தெரியலங்க. நீங்கதானே கடைசியா வந்தீங்க."

பூட்டுக்காரர் தலையைச் சாய்த்து ஒரு கணம் யோசித்தார். ஓர் அலை வந்து முகத்தில் அடித்தது.

"சரி, விடு" என்றார்.