கொடிக்கால்காரருக்குச் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தது

மலைத் தோட்டத்தில் காய்ச்சல் கண்டு கீழே இறங்கியவன், சின்னமனூரில் ஒரு வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்கு நின்றேன். கொடிக்கால்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். கொடிக்கால் ஓரத்தில் அவர் தங்கும் குடிசையான சாளையில் சதுரங்கப் பலகை ஒன்று கிடந்தது. கொச்சியில் மூட்டை தூக்கிய மழைக்காலத்தில் ஒரு மலையாளத்துக் கணக்கப்பிள்ளையிடம் நான் அந்த ஆட்டத்தைக் கற்றிருந்தேன். அதைச் சொன்னதும் மண்வெட்டியை வாங்கி வைத்துவிட்டு என்னைப் பலகை முன்னால் உட்கார வைத்தார்.

அவருடைய ஒரே தங்கையைக் கூடலூரில் கொடுத்திருந்தது. நிலத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு அறுந்துவிட்டது. தங்கை புருசன் மட்டும் சந்தைக்கு வரும்போது ஆட்டத்துக்காகக் கொடிக்காலில் வண்டியை நிறுத்துவார். அவர் ஊரில் ஆடத் தெரிந்தவர்கள் இல்லை. அந்த வண்டியில்தான் தங்கையும் வரும். போன சந்தைக்கு அவர் பாதி ஆட்டத்தில் அலுத்து எழுந்து இப்படிச் சொன்னாராம்:

"மச்சான், ஒங்களுக்குப் பதிலா வண்டி மாட்ட எதிர்ல உக்கார வச்சா அது கொஞ்சம் யோசிக்கும். இன்னும் ஒரு தடவ பாப்பேன். அப்புறம் சந்தைக்கு ஆள அனுப்பிக்கிருவேன்."

கொடிக்கால்காரர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் விடுவதுபோல எட்டுச் சிப்பாய்களையும் வரிசையாக ஒவ்வோர் அடி நகர்த்துவார்.

"ஒண்ண விட்டா காஞ்சு போகும்லப்பா?"

"காஞ்சா காயட்டும்யா. குதிரய வெளிய எடுங்க."

கடைசியில் ஆறு நகர்த்தலை மனப்பாடம் செய்ய வைத்தேன். அகத்தி மரத்தில் கொடி கட்டும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

சந்தை நாளில் தங்கை புருசனான மாப்பிள்ளை மூன்றாவதாக நான் சொல்லாத காயை நகர்த்தினார். இவர் பாடம் தவறாமல் ஆறையும் ஆடினார். யானை போயிற்று, மந்திரியும் போயிற்று.

"நீங்க குதிரைய இப்படி எடுக்கிற ஆளு இல்லையே. யாரு சொல்லிக் குடுத்தாக?" என்றார் மாப்பிள்ளை. இவர் பெருமையோடு என்னைக் காட்டினார்.

நான் உட்கார்ந்தேன். கொச்சிக்குப் பிறகு எனக்கும் நல்ல ஆட்டம் கிடைக்கவில்லை. மாடுகள் வைக்கோலைத் தின்று தீர்த்துப் படுத்துவிட்டன. அண்ணனும் தங்கையும் அகத்தி நிழலில் அத்தனை நேரமும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது போதுமென்று இருந்திருக்கும். நான் ஜெயித்தேன்.

"ஏப்பா, எங்க ஊருக்கு வந்துரு. நம்ம நெல்லு மில்லுல நெழல்ல உக்காந்து பாக்குற வேல. சாயங்காலம் ஆடுவோம்" என்றார் மாப்பிள்ளை.

கொடிக்கால்காரர் என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

"போப்பா. ஒனக்கு இந்தத் தண்ணில நிக்கிற வேல ஆகாது" என்றார்.

காய்ச்சல் உடம்பு. போனேன். அதற்கப்புறம் மாப்பிள்ளை வண்டி சின்னமனூர்ப் பக்கம் போகவில்லை. சந்தைக்கு மில் ஆள் ஒருவன் போய்வந்தான்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் மாப்பிள்ளை வீட்டில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "அண்ணன் எப்படி இருக்காக?" என்று கொடிக்கால்காரரின் தங்கை கேட்டார். கொடிக்காலை விட்டு வந்ததிலிருந்து நானும் அவரைப் பார்க்கவில்லை. அது அந்த அம்மாவுக்கும் தெரியும்.

"நல்லா இருக்காக" என்றேன்.

இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார். உள்ளே மாப்பிள்ளை காய்களை அடுக்கும் சத்தம் கேட்டது.