வெறுங்கோட்டுத் தாள்

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி, என் இரண்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா. ஒலக்கூர் பக்கத்துக் கிராமத்தில் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர். கூட்டத்தில் அவர் வாயைத் திறந்தால் ஆசிரியர்கள் நாங்கள் மூடிக்கொள்வோம். அப்படிப்பட்டவர், தீர்மானப் பதிவேட்டில் கையெழுத்து என்று வந்ததும் மைப்பெட்டியை இழுத்துக் கட்டைவிரலை உருட்டிவிட்டு, மையைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. பேருந்தின் ஊர்ப்பலகையைப் படித்து ஏறுகிறவர் எதற்குக் கைநாட்டு வைக்க வேண்டும்? ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“மூணாவது வரைக்கும் படிச்சவதான் டீச்சர். எழுதவும் வரும். ஆனா ஒவ்வொரு எழுத்தும் இட்லி கணக்கா வரும். ஒருவாட்டி ஒரு ஆபீசுல என் பேரு கட்டத்துல அடங்காம பக்கத்து ஆளு கட்டத்துக்குள்ள போயிடுச்சி. அங்க இருந்தவங்க சிரிச்ச சிரிப்பு இருக்குதே, அன்னையிலேந்து விரலோட சரிங்க.”

“அடுத்த கூட்டத்துக்குள்ள அடங்க வச்சிடலாம்” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கூட்டத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

ஆனாலும் சும்மா சொல்லவில்லை. விழுப்புரத்தில் நடந்த ஒரு பயிற்சியில் ஒரு புதுமாதிரி எழுத்துருவைக் காட்டியிருந்தார்கள். பயிற்சி என்றால் எனக்கு வடையும் டீயும்தான்; அன்று மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எழுத்தோடு கோடும் சேர்ந்தே வருகிறது. கணினித் திரையில் ஒரு குமிழை இழுத்தால் கோடுகளுக்கு நடுவே இடைவெளி கூடும், குறையும். இன்னொன்றை இழுத்தால் கோடு கறுக்கும், வெளுக்கும். மூன்றாவது, பிள்ளைகள் மேலேயே எழுதிப் பழகும் சாம்பல் எழுத்தை மங்கலாக்கிக்கொண்டே போய் இல்லாமல் ஆக்கிவிடும். இரட்டைக் கோட்டு நோட்டில் தமிழின் மேல் சுழியும் கீழ் வாலும் இடமில்லாமல் வெளியே தொங்கும். இதில் அவற்றுக்கும் தனித்தனியே இடம் ஒதுக்கலாம். என் வகுப்புக்கு இதில்தான் தாள் அடித்துக்கொண்டிருந்தேன்.

தலைவிக்கென்று ஒரு கட்டு தயார் செய்தேன். பதிவேட்டின் வரி இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்து, கடைசித் தாளுக்கு அதே அளவை வைத்தேன். முதல் தாளுக்கு இட்லி அளவு. நடுவில் ஒவ்வொரு தாளுக்கும் நூல் நூலாகக் குறைத்தேன். திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்சுக்குக் கொடுத்தால், கடைக்காரர் தாளை நிறைக்கிறேன் என்று எல்லாவற்றையும் பெரிதாக்கி அடித்துவிட்டார். ஸ்கேலை நீட்டிச் சண்டை போட்டு மறுபடி அடிக்க வைத்தேன். வரிசையில் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

கடைசித் தாளில் எழுத்தே கிடையாது, கோடு மட்டும். “எழுத்து இல்லாம வெறுங்கோடு வந்தா நீங்களே எழுதணும்னு அர்த்தம்” என்று சொல்லிக் கொடுத்தேன்.

பெயரைப் பழகினால் போதும் என்று நான் நினைத்தேன். அவரோ மகளின் தாள்களையும் விடவில்லை. “எங்கம்மா என் தாள எடுத்துக்கிச்சி டீச்சர்” என்று மகள் வந்து புகார் சொன்னாள். அம்மாவிடம் கேட்டால், “மல்லாட்டை உரிச்சிக்கினே ஒரு வரி, சோறு வெந்துக்கினு இருக்கசொல்ல ஒரு வரி. எழுத ஆரம்பிச்சா நிறுத்த முடியலீங்க” என்றார். மஞ்சள் கறையோடு தாள்கள் வந்தன. இட்லி பணியாரமாகி, பணியாரம் சுண்டைக்காயானது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கூட்டம் வந்தது. எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. பேசி முடித்ததும், பதிவேட்டில் மேல்பாதியைக் காலியாக விட்டுவிட்டுக் கீழே எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். தலைமையாசிரியை பிறகு நிதானமாகத் தீர்மானத்தை எழுதிக்கொள்வார், ‘அடிப்படை வசதிகள் குறித்து விவாதிக்கப்பட்டது’ என்கிற மாதிரி. அதில் தப்பிருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும்தான்.

தலைவிதான் முதலில் போட வேண்டும். பேனாவை வாங்கிப் பக்கத்தை உற்றுப் பார்த்தவர், மேலே முதல் வரியில் பேனாவை வைத்தார்.

“அங்க இல்லம்மா, கீழ” என்றார் தலைமையாசிரியை.

“கீழ பேரு போடறேங்க. மேல வெறுங்கோடா இருக்குதே? வெறுங்கோடு வந்தா நானே எழுதணும்னு டீச்சர் சொல்லிக்கீறாங்க.”

அத்தனை கண்களும் என் பக்கம் திரும்பின. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்று நினைத்தேன். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, “சரி, எழுதுங்க. பேசினத மட்டும் எழுதணும்” என்றார்.

‘பெண் பிள்ளைகள் கழிவறையில் குழாய் இருக்கிறது. தண்ணீர் இல்லை. மழைக்காலத்துக்கு முன்னால் வர வேண்டும்.’

மூன்று கூட்டமாக அவர் பேசிக்கொண்டிருந்தது அதைத்தான். “ஜல்தியா எழுதும்மா, மாடு கட்டணும்” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “அவசரப்படுத்தாத, கோடு தாண்டிடும்” என்றார் நிமிராமலே. சுழி மேல் வரியை முட்டவில்லை, வால் கீழ் வரியை மிதிக்கவில்லை. எனக்குக் கண் கலங்கியது, அவ்வளவு சந்தோஷம்.

கீழே வந்து பெயர் எழுதினார். முழுப்பெயரும் அடங்கியது. பக்கத்தில் இன்னொருவர் போட இடமும் மிஞ்சியது.

பேனாவைக் கொடுத்ததும் பழக்கத்தில் கட்டைவிரலைத் தலைமுடியில் தேய்த்தார். தேய்த்த பிறகு விரலைப் பார்த்தார். மை இல்லை. அதை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டி வாய்விட்டுச் சிரித்தார். அம்மாக்கள் சிரித்தார்கள், நான் சிரித்தேன், தலைமையாசிரியையும் சிரித்தார். அந்த ஆபீசில் சிரித்தவர்கள் இந்தச் சிரிப்பைக் கேட்டிருக்க வேண்டும்.